வீட்டில் குரல் பதிவு: எந்த மைக் வாங்கலாம்?

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஏ பிளாக்கில் பாட்டு கற்றுக்கொள்ளும் பெண்ணின் அப்பா, ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர், பேரப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை இப்போது யூடியூபில் சொல்ல ஆரம்பித்திருக்கும் நம் மூன்றாவது மாடித் தாத்தா. "குறைந்த விலையில் நல்ல மைக் எது?" குழுவில் பதில்கள் கொட்டின. ஒருவர் சொன்ன மைக்கை இன்னொருவர் சொல்லவில்லை. கடைசியில் பேச்சு வழக்கம்போல் பார்க்கிங்குக்குப் போய்விட்டது. அப்போதுதான் செயலாளர் என்னைப் பிடித்து, "நீங்கதான் வீட்ல ஏதோ ரெக்கார்டிங் பண்றீங்களே, வந்து பேசுங்க" என்றார்.

நான் சவுண்ட் எஞ்சினியர் இல்லை, வங்கி ஊழியன். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். அதற்காக மைக் வாங்கி, ஏமாந்து, விற்று, மறுபடி வாங்கியவன். அந்த அனுபவம்தான் எனக்குள்ள தகுதி.

முதலில் மூன்று துண்டுகளைக் கேளுங்கள். ஒரே ஆள், ஒரே பத்தி, மூன்று மைக்.

(இங்கே மூன்று ஒலித்துண்டுகள் போட்டுக் காட்டப்பட்டன. எது விலை உயர்ந்த மைக் என்று கையைத் தூக்கச் சொன்னபோது பெரும்பாலானோர் இரண்டாவதற்குத் தூக்கினார்கள்.)

இரண்டாவது துண்டு, நீங்கள் கை தூக்கியது, மூன்றிலும் மலிவான டைனமிக் மைக். படுக்கையறையில், துணி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பேசியது. மூன்றாவது என் கைபேசி. அதே அலமாரி முன், ஒரு சாண் தூரத்தில். முதலாவதுதான் நான் ஆசைப்பட்டு வாங்கிய கண்டென்சர் மைக். என்னிடம் உள்ளவற்றில் அதுதான் விலை அதிகம். அதை ஹாலில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துப் பேசினேன். நீங்கள் சிலர் முகம் சுளித்ததை நான் பார்த்தேன்.

இதே சுளிப்பை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு மாணவர். எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். புது மைக் வந்த உற்சாகத்தில் ஒரு முழு அத்தியாயத்தை ஹாலில் உட்கார்ந்து வாசித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தார். ரொம்ப மரியாதையாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், பழைய மாதிரியே போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்ப முடியுமா? இதுல வார்த்தையோட வால் அடுத்த வார்த்தை மேல ஏறுது."

அவர்கள் நம்மைப் போல ஓய்வாகக் கேட்பதில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பார்கள், பரீட்சை நெருங்கினால் இன்னும் வேகமாக. சாதாரண வேகத்தில் "கொஞ்சம் ஹால் எபெக்ட் இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று நமக்குத் தோன்றும் முழக்கம், அந்த வேகத்தில் எழுத்துகளைத் தின்றுவிடுகிறது. அவருக்கு அது புத்தகத்தில் மை கொட்டிய பக்கம் மாதிரி. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அத்தியாயம் முழுவதையும் திரும்ப வாசித்தேன். ஆறு மணி நேர வேலை.

அதனால் "எந்த மைக்?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் "எங்கே உட்கார்ந்து?" என்று கேட்கிறேன். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தரையில் வழுவழுப்பான டைல்ஸ். வெறும் சுவர். பால்கனிக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. மேலே சமமான கான்கிரீட் கூரை. நாம் பேசுகிற ஒலி இவை எல்லாவற்றிலும் மோதி, கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக மைக்குக்கு வந்து சேர்கிறது. மைக் பாவம், எது உங்கள் வாய், எது உங்கள் கூரை என்று அதற்குத் தெரியாது. நல்ல மைக்காக இருந்தால் கூரையையும் நன்றாகவே பதிவு செய்யும்.

இதற்கு மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் உங்கள் குரல் நேரடியாகப் போய்ச் சேரும் அளவு சுமார் 6 டெசிபல் கூடுகிறது. அறையின் முழக்கம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இரண்டு முழத்திலிருந்து ஒரு முழம், அதிலிருந்து ஒரு சாண், அதிலிருந்து அரைச் சாண் என்று வந்தால் மூன்று தடவை பாதியாக்கிவிட்டீர்கள். 18 டெசிபல் லாபம். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் எந்த மைக்கும் இந்த லாபத்தைத் தராது.

மைக் வகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைனமிக் மைக் உள்ளே ஒரு சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காந்தம். சைக்கிள் டைனமோ மாதிரிதான். குரல் பட்டுச் சுருள் அசைந்தால் மின்சாரம் வரும். கரண்ட் கொடுக்க வேண்டாம், முரட்டு உழைப்பு. மேடைகளில் நீங்கள் பார்க்கும் உருண்டைத் தலை மைக், ஷூர் எஸ்.எம்.58, இந்த வகை. 1966-இல் வந்தது, இன்னும் விற்கிறது. கண்டென்சரில் சவ்வு மிக மெல்லியது, பக்கத்திலேயே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் மின்னேற்றம். நுணுக்கமான ஒலிகளைப் பிடிக்கும். ஆனால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் 48 வோல்ட். அந்த 48 எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையான கதை. 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக ஒரு மைக் செய்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கனவே இருந்தது. சரி, அதையே மைக்குக்கும் கொடுங்கள் என்றார்கள். அங்கே விளக்குக்கு வைத்திருந்தது இன்று உலகம் முழுக்க மைக்குகளுக்கான அளவு.

இந்த 48 வோல்ட்டை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், நான் முதலில் ஏமாந்தது இதில்தான். ஆன்லைனில் ஒரு 'கிட்' வாங்கினேன். தங்க நிற வளையம் போட்ட கண்டென்சர், ஸ்டாண்ட், ஸ்பிரிங் தொங்கல், காற்றுத் தடுப்பு, எல்லாம் சேர்த்து ஒரு நல்ல ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிடும் காசு. படத்தில் ஸ்டுடியோ மாதிரி இருந்தது. கூடவே வந்த கேபிளின் ஒரு முனை கம்ப்யூட்டரின் சிறிய ஆடியோ துளையில் போகும். அந்தத் துளையிலிருந்து வருவது இரண்டு மூன்று வோல்ட். மைக் அரைகுறை உயிரோடு வேலை செய்தது. குரல் ஈனஸ்வரத்தில், அதை ஏற்றினால் உஸ்ஸென்று இரைச்சல். ஆகவே கண்டென்சர் வாங்கினால் இரண்டில் ஒன்று: நேராக யு.எஸ்.பி.யில் செருகுவதாக இருக்க வேண்டும், அல்லது 48 வோல்ட் கொடுக்கும் ஆடியோ இன்டர்பேஸ் பெட்டி தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் விலையையும் மைக் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இப்போது ஒரு தவறான நம்பிக்கை. "டைனமிக் மைக் அக்கம்பக்கத்துச் சத்தத்தை எடுக்காது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. ஒரே திசையமைப்பு கொண்ட டைனமிக்கையும் கண்டென்சரையும் ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவு கேட்கும்படி சரிசெய்து பார்த்தால், பக்கத்து வீட்டு மிக்சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கேட்கும். பிறகு ஏன் டைனமிக் நன்றாக இருக்கிறது? அதன் வெளியீடு குறைவு என்பதால் நாம் தானாகவே வாயருகே கொண்டுபோய்ப் பேசுகிறோம். கிட்டே பேசினாலும் அது பொறுத்துக்கொள்கிறது. கண்டென்சரை மேஜை மேல் ஓவியம் மாதிரி நிறுத்தி வைத்து நாற்காலியில் சாய்ந்து பேசுகிறோம். வித்தியாசம் பெரும்பாலும் நம் முதுகில் இருக்கிறது!

சரி, வாங்குவதற்கு வருவோம். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் விலை மாதா மாதம் மாறும், வாங்கும் நாளில் பாருங்கள்.

டியூஷன் டீச்சருக்கு என் பதில் காலர் மைக். போயா பி.ஒய்.-எம்1 போன்றது. ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும், ஆறு மீட்டர் வயர், போனிலும் லேப்டாப்பிலும் போடலாம். எழுந்து போர்டில் எழுதினாலும் மைக் கூடவே வரும், அதுதான் அவருக்கு வேண்டியது. எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் வகை என்பதால் தலை கொஞ்சம் திரும்பினால் குரல் விழாது. அதனாலேயே அறை இரைச்சலும் வரும், ஃபேனை நிறுத்த வேண்டும். முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். புடவைத் தலைப்பு உரசாமல், சங்கிலி மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பு முழுக்க 'டிங் டிங்' என்று தாலிச் சங்கிலி வந்த பதிவை நான் கேட்டிருக்கிறேன். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் வகுப்பு நடுவில்தான் தீரும், ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

கதைத் தாத்தாவுக்கும், என்னைப் போல வாசிப்பவர்களுக்கும், பாட்காஸ்ட் ஆரம்பிக்க நினைக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரே சிபாரிசு: யு.எஸ்.பி., எக்ஸ்.எல்.ஆர். இரண்டு இணைப்பும் உள்ள டைனமிக் மைக். சாம்சன் க்யூ2யு ஒன்று, ஆடியோ டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் இன்னொன்று. இன்றைக்கு லேப்டாப்பில் நேராகச் செருகலாம். நாளைக்குப் பெட்டி வாங்கினால் அதே மைக்கை அதிலும் போடலாம், தூக்கிப்போட வேண்டியதில்லை. மைக்கிலேயே ஹெட்போன் துளை இருக்கிறது. பேசும்போதே கேட்கலாம். ஏற்கனவே பெட்டி வைத்திருப்பவர்கள் பெரிங்கர் எக்ஸ்.எம்.8500 என்ற மேடை மைக்கைப் பார்க்கலாம், விலைக்கு மீறிய மைக். எஸ்.எம்.58 வாங்கும் வசதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் அதற்கு உலகம் முழுக்க போலிகள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் அது எஸ்.எம்.58 இல்லை. பில் தரும், உத்தரவாதம் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

யூடியூப்காரர்கள் முகத்துக்கு நேரே கறுப்பாக ஒரு குழாய் தொங்குமே, ஷூர் எஸ்.எம்.7பி, அதைக் கேட்ட தம்பியும் வந்திருக்கிறார். அதன் முன்னோடியான எஸ்.எம்.7-இல்தான் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' குரல்கள் பதிவாயின. அற்புதமான மைக், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு 60 டெசிபல் அளவுக்குச் சுத்தமான பெருக்கம் வேண்டும். மலிவுப் பெட்டியில் போட்டால் அந்த அளவுக்கு ஏற்றும்போது இரைச்சலும் ஏறும். அதனால் நல்ல பெட்டி, இல்லாவிட்டால் நடுவில் இன்னொரு பெருக்கி. கறவை மாட்டை வாங்கிவிட்டுத் தீவனத்துக்கு அலைவது மாதிரி. இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

பாட்டு கற்கும் பெண்ணின் விஷயம் வேறு. அங்கே என் சிபாரிசு மாறுகிறது. பாட்டில் குரல் ஒரு நொடி மெதுவாகவும் அடுத்த நொடி உச்சத்திலும் போகும். மைக்கை வாயோடு ஒட்டிப் பாடினால் மூச்சும், கனமாக வீங்கிய கீழ் ஸ்தாயியும்தான் பதிவாகும். திசையுள்ள மைக்கில் கிட்டே வரவர அடிக்குரல் தடிக்கும், வானொலி அறிவிப்பாளர் குரல் அப்படித்தான் வருகிறது. பாட்டுக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம் வேண்டும், அந்தத் தூரத்தில் கமகங்கள் துலங்க கண்டென்சர்தான் சுகம். ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020 ஆரம்பத்துக்குப் போதுமானது. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ரோட் என்.டி.1. அதன் சொந்த இரைச்சல் வெறும் 4.5 டெசிபல், வீணை மாதிரி மெல்லிய வாத்தியத்துக்கு அந்த அமைதி உதவும். ஆனால் தூரம் கூடினால் அறையும் உள்ளே வரும் என்று முதலில் சொன்னேன் அல்லவா? கண்டென்சர் வாங்கும் வீட்டில் அறைக்கும் வேலை செய்தே ஆகவேண்டும். தம்புரா ஆப்பை அறையில் ஒலிக்கவிடாமல் ஒரு காதில் இயர்போனில் வைத்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மிருதங்கம், தவில் பற்றி நான் பேசமாட்டேன். அது மைக் பிரச்சினை இல்லை, கீழ் வீட்டுப் பிரச்சினை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஏ.டி.2020, ப்ளூ யெட்டி போன்ற மைக்குகளுக்கு முகம் பக்கவாட்டில் இருக்கிறது, உச்சியில் இல்லை. நின்ற வாக்கில் வைத்து, கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மேடை மைக் பழக்கத்தில் உச்சியைப் பார்த்துப் பேசிவிட்டு "காசு தண்டம்" என்று விற்றவரிடமிருந்துதான் நான் என்னுடையதை மலிவாக வாங்கினேன்! இதய வடிவத் திசையமைப்பு என்று போட்டிருந்தால் அதன் முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகை ஜன்னலுக்கோ லேப்டாப் ஃபேனுக்கோ காட்டுங்கள்.

அறைக்கு என்ன செய்வது? முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். பூச்சி வரும், சத்தம் போகாது. ஆன்லைனில் விற்கும் மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்சு சதுரங்கள் கீச்சென்ற மேல் ஒலியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், பேச்சின் கனத்தைத் தொடாது. அதை ஒட்டினால் பக்கத்து வீட்டு டி.வி. கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறைக்குள் எதிரொலியை உறிஞ்சுவது ஒரு வேலை, வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும், பஞ்சு போதாது.

நம்மிடம் ஏற்கனவே இருப்பது போதும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதைப் பார்த்து உட்காருங்கள். பட்டுப் புடவையை விடப் போர்வையும் துண்டும் நன்றாக உறிஞ்சும். முதுகுக்குப் பின்னால் கட்டிலின் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். காலடியில் ஜமக்காளம். மேஜையில் ஒரு மடித்த துண்டு. என் மனைவி இதை "சலவைக்காரர் ஸ்டுடியோ" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும், பத்து நிமிடத்தில் அமைத்து பத்து நிமிடத்தில் கலைக்க முடிகிறது.

பிறகு இரைச்சல். ஃபேன், ஏ.சி. நிறுத்த வேண்டும், சென்னை மே மாதத்தில் இது தியாகம்தான். இருபது நிமிடம் வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் ஃபேன் போட்டு உட்காருவேன். ஃபிரிட்ஜை நிறுத்தினால் மறுபடி போட மறந்துவிடுவோம். சினிமா ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. கிளம்பும்போது சாவி தேடினால் ஞாபகம் வந்துவிடும். குக்கர் விசில், கோலமாவுக்காரர் ஒலிபெருக்கி, லிஃப்ட் கதவு பற்றியெல்லாம் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான். வெட்டுவது பிறகு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து விநாடி பேசாமல் இருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளுக்கு அந்த மௌனத்தைக் காட்டினால் மிச்சமிருக்கும் சீரான இரைச்சலை அது குறைத்துத் தரும். பேராசைப்பட்டு முழுக்க நீக்கப் பார்த்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

மைக்குக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை ஸ்டாண்டுக்கும் காதை முழுதாக மூடும் ஹெட்போனுக்கும் ஒதுக்குங்கள். மேஜை மேலேயே மைக் நின்றால் மேஜையைத் தட்டும் ஒவ்வொரு விரலும் இடியாக விழும். 'ப' சொல்லும்போது காற்று மோதாமலிருக்கக் காற்றுத் தடுப்பு வேண்டும். எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டினாலும் போதும். அல்லது மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்துக்குத் தள்ளிவைத்தாலே பாதிக் காற்று விலகிப் போய்விடும். ஒலியளவை, சத்தமாகப் பேசும் இடங்களில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலைச் சரிசெய்ய வழி இல்லை. குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

(கேள்வி நேரத்தில் ஒருவர், "போனிலேயே நல்லா வருதே, எதுக்கு சார் மைக்?" என்று கேட்டார்.)

நியாயமான கேள்வி. மூன்றாவது துண்டை நீங்கள் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. அலமாரி முன், ஒரு சாண் தூரத்தில், போனில் ஒரு மாதம் பதிவு செய்து பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் செய்துகொண்டிருந்தால் மைக் வாங்குங்கள். நம் குடியிருப்பில் டிரெட்மில்லில் துணி காயப்போடும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், மைக்கிலும் தொப்பி மாட்டுவார்கள். போன் போதாமல் போவது நீண்ட நேர வேலையில்தான். நடுவில் அழைப்பு வரும். சில போன்கள் சத்தத்தைத் தாங்களே ஏற்றி இறக்கும், அதனால் நீங்கள் பேசாத இடைவெளியில் அறை இரைச்சல் மேலே ஏறி வரும். மூன்று மணி நேரப் பாடத்தை அப்படிக் கேட்பவருக்குத் தலை வலிக்கும்.

இதைப் பேச ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பி பிளாக்கில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். நடவுப் பாட்டு, கும்மி, அவர் அம்மா பாடிய தாலாட்டு எல்லாம் அவருக்கு மனப்பாடம். பொங்கலன்று கீழே பாடினாரே, சிலர் கேட்டிருப்பீர்கள். அவர் பேரன் அன்றைக்கு மாடியிலிருந்து போனில் பிடித்ததை எனக்கு அனுப்பி, "கொஞ்சம் கிளீன் பண்ணித் தாங்க அங்கிள்" என்றார். கேட்டேன். குழந்தைகள் கூச்சல், ஜெனரேட்டர், நடுவில் எங்கோ பாட்டி. இரண்டு வரி மட்டும் புரிந்தது. அதைச் சுத்தம் செய்ய எந்த மென்பொருளும் இல்லை. பாட்டியைத் திரும்பப் பாடச் சொல்வது ஒன்றே வழி, அது இப்போது முடியும்.

அவருக்கு எந்த மைக் என்று யோசித்தேன். கையில் கொடுத்தால் பயப்படுவார், ஸ்டாண்ட் போட்டால் பேட்டி மாதிரி விறைத்துவிடுவார். காலர் மைக்கைப் புடவையில் குத்திவிட்டு, அவர் கட்டிலிலேயே உட்காரவைத்து, மகளோடு பேசவிடுவதாகத் திட்டம். பாட்டு தானாக வரும். வந்தால் நடுவில் யாரும் "இன்னொரு தடவை பாட்டி" என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். இருமினாலும் மறந்தாலும் அப்படியே ஓடட்டும். கூடவே காப்பாக என் டைனமிக் மைக்கும் தலையணைப் பக்கம் இருக்கும்.

அவர் அறை மோட்டார் ரூமுக்கு நேர் மேலே. பாட்டி உற்சாகமாக இருப்பது காலை ஆறரைக்கு மேல், காபி குடித்த பிறகு. நம் போர் மோட்டார் ஓடுவது ஆறிலிருந்து ஏழரை. வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மோட்டாரை எட்டு மணிக்குப் போட முடியுமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவே மேல் தொட்டியை நிரப்பிவிட்டால் தண்ணீர் பாதிக்காது என்று பிளம்பர் சொல்கிறார். ஆட்சேபணை இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என்னிடம் இருக்கும் க்யூ2யு மைக்கை யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் எடுத்துப்போய்ப் பார்க்கலாம். நூலக அறைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள். கேபிளைச் சுற்றும்போது முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல், தளர்வாக வளையமாகச் சுற்றித் திருப்பிக் கொடுங்கள். கதைத் தாத்தா இந்த வாரத்துக்கு ஏற்கனவே எழுதிவிட்டார்.